விஷத்தைச் செரிக்கும் புழு

மருந்துக் கடையில் பெயர்கள் மாறின. பருத்திக் காய்ப்புழுவின் என்ஸைம்கள் ஏமாறவில்லை.

1980களின் தொடக்கத்தில் செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் இந்தியப் பருத்தி வயல்களுக்கு வந்தபோது விவசாயிகளுக்கு அது கிட்டத்தட்ட மாயவித்தை. மிகக் குறைந்த அளவு தெளித்தாலே காய்ப்புழுக்கள் சுருண்டு விழுந்தன. பத்து வருஷம்கூட அந்த வித்தை பலிக்கவில்லை.

1987-88 பருவத்தில் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில், மருந்து தெளித்த வயலிலேயே புழு சாவகாசமாகக் காயைக் குடைந்துகொண்டிருந்தது. மருந்து போலி என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அளவு போதவில்லை என்று மற்றவர்கள் கூட்டினார்கள். ஒரே பருவத்தில் 20 தடவைக்கு மேல் தெளித்தவர்களும் உண்டு. விளைச்சல் போனது, கடன் நின்றது, தற்கொலைகள் நடந்தன. பத்து வருஷம் கழித்து, 1997-98ல், வாரங்கல் மாவட்டத்தில் அதே துயரம் இன்னும் பெரிதாக. புழுவைக் கொல்ல வாங்கிய மருந்தையே பலர் குடித்தார்கள்.

போலி மருந்துகள் இருந்தது உண்மைதான். ஆனால் நல்ல மருந்தும் தோற்றது. காரணம் புழுவின் உடலுக்குள் இருந்தது.

ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா என்ற இந்தப் பச்சைக் காய்ப்புழு பருத்தியோடு நிற்பதில்லை. துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, சூரியகாந்தி என்று 100க்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னும். செடிகளும் சும்மா இருப்பதில்லை. பருத்தியில் காஸிபால் என்ற நச்சு உண்டு. மற்றவற்றில் வேறு வேறு நச்சுகள். அத்தனையையும் தின்று பிழைக்க, அவற்றை முறிக்கும் என்ஸைம்கள் வேண்டும். சைட்டோகுரோம் பி450 என்ற ஒரு குடும்பத்துக்கு மட்டும் இந்தப் புழுவிடம் 100க்கு மேல் மரபணுக்கள். இந்த என்ஸைம்கள் நச்சு மூலக்கூறில் ஆக்ஸிஜனைச் சேர்த்து, அது நீரில் கரைந்து கழிவாக வெளியேற வழி செய்கின்றன. விஞ்ஞானிகள் கண்டுபிடித்த புது மருந்து, புழுவுக்கு இன்னொரு கசப்பு இலை. அவ்வளவுதான்.

இது வெறும் ஊகமல்ல. சீன விஞ்ஞானிகள் அருகருகே இருக்கும் ஒன்பது பி450 மரபணுக்களைப் புழுவிலிருந்து ஒட்டுமொத்தமாக நீக்கிப் பார்த்தார்கள். 2018ல் வெளியான முடிவு: செடியின் நச்சு, பூச்சிமருந்து இரண்டையும் தாங்கும் சக்தி குறைந்துவிட்டது.

அதைவிட விசித்திரம் 2012ல் ஜெர்மனியின் ஜேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிலைய ஆய்வில் வெளிப்பட்டது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மரபணுக்கள் பிசகாக இணைந்து, இரண்டின் பகுதிகளும் சேர்ந்த ஒரு புது மரபணு பிறந்திருந்தது. பெயர் சிஒய்பி337பி3. பெற்றோர் இருவருக்கும் கைவராத வேலை, அதாவது ஃபென்வலரேட் என்ற பைரித்ராய்டைச் சிதைப்பது, இந்தப் பிள்ளைக்குக் கைவந்தது. ஆஸ்திரேலியப் புழுக்களில் முதலில் தெரிந்த அது பின்னர் பாகிஸ்தான் புழுக்களிலும் கிடைத்தது.

இப்படிப்பட்ட மரபணுவை மருந்து உண்டாக்குவதில்லை. அது இல்லாத புழுக்களைக் கொன்று, இருப்பவற்றுக்கு வயலைக் காலி செய்து தருகிறது. ஒரு தாய் அந்துப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். புழுவைத் தின்னும் குளவிகளையும் சிலந்திகளையும் அதே மருந்து தீர்த்துவிட்டிருக்கும்.

விவசாயிக்கு இதைச் சொல்ல வேண்டியவர் யார்? பெரும்பாலான கிராமங்களில் ஆலோசகர், கடன் கொடுப்பவர், விற்பவர் மூவரும் ஒரே கடைக்காரர்தான். சைபர்மெத்ரின் கேட்கவில்லையா, இந்தா ஃபென்வலரேட். டப்பா வேறு, நிறம் வேறு, இனம் ஒன்றே.

நாக்பூரிலுள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் மாற்று வழி சொன்னது: பயிரின் ஆரம்ப வாரங்களில் தெளிக்காதீர்கள், மருந்தின் இனத்தையே மாற்றுங்கள், பைரித்ராய்டைப் பருவக் கடைசிக்கு வையுங்கள். செலவும் குறையும் யோசனை. ஆனால் அதற்குள் 2002ல் பிடி பருத்தி வந்துவிட்டது. பச்சைக் காய்ப்புழுவுக்கான தெளிப்பு வெகுவாகக் குறைந்தது.

பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடி நச்சையும் வென்றது. இம்முறை என்ஸைமால் அல்ல. குடலில் நச்சு ஒட்டிக்கொள்ளும் இடத்தையே அது மாற்றிக்கொண்டது. தெளிப்பான்கள் மறுபடி தோளில் ஏறின. 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலியாட்களும் நஞ்சேறி இறந்தார்கள். முகமூடியோ கையுறையோ பலரிடம் இல்லை.