தொட்டியில் வளரும் ஆலினம்: புடைப்புகளும் அவற்றின் பொருளும்

கண்டி நகரின் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் தொட்டியில் வளரும் பைக்கஸ் செடிகளின் தண்டிலே பழுப்பு இழைகளோ புடைப்புகளோ தோன்றின், நோயெனக் கருதிக் கத்தியை நாடுவோர் உளர். செடியை அதன் வாழ்நிலையினின்றும் பிரித்து நோக்குவதன் விளைவே இவ்வச்சம் எனலாம்.

நகரிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தொலைவில், 1821ஆம் ஆண்டு பிரித்தானிய ஆட்சியில் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பெரும் புற்றரையிலே ஜாவா அத்தியொன்று பரந்து நிற்கின்றது. தொட்டிகளிற் பெரும்பாலும் காணப்படும் பைக்கஸ் பெஞ்சமினா இவ்வினத்ததே. கூரையின் உயரத்துக்குக் கத்தரிக்கப்பட்டபோதும் அதன் இயல்பு மாறுவதில்லை. ஈரப்பதன் மிக்க காற்றில் அது விடும் இழைகள் நோயல்ல, விழுதுகளே. தண்டிலுள்ள சிறு மேடுகள், காற்று உட்புகுந்து வெளியேறும் பட்டைவாய்கள். இலைக்கக்கத்துச் சிறு உருண்டைகளோ காய்கள். பூவாது காய்ப்பதெனக் கண்டே பண்டைத் தமிழர் ஆலினைக் 'கோளி' என்றனர். உண்மையில் மலர்கள் காயின் உள்ளேயே அடங்கியுள்ளன. நுண்ணிய குளவிகள் உட்புகுந்து அவற்றில் மகரந்தச் சேர்க்கையை நிகழ்த்துகின்றன. தோற்றமும் உள்ளியல்பும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே தக்க சான்று.

எனினும், புடைப்பனைத்தும் இயல்பானவை எனக் கொள்ளலும் தவறாகும். நகத்தால் நெம்பப் பெயர்ந்து வருவனவும், இலையிற் பிசுபிசுப்பை உண்டாக்குவனவும் செதிற்பூச்சிகள். சவர்க்கார நீரில் நனைத்த துணியால் அவற்றைத் துடைத்தகற்றலாம். நடுநரம்பு வழியே மடிந்து, செம்புள்ளிகளுடன் தோன்றும் இலைகளினுள் இலைப்பேன்கள் வாழும்; அவ்விலைகளைக் கொய்து அழித்தல் வேண்டும்.

தண்டிலோ வேரடியிலோ கரடுமுரடாய்த் தடித்து வளரும் கழலையே ஆபத்தானது. அதன் காரணி ஒரு பற்றீரியம் என்பதை 1907இல் அமெரிக்க அறிஞர்களான ஸ்மித்தும் டவுன்சென்டும் நிறுவினர். இப்பற்றீரியம் தன் மரபுப்பொருளின் ஒரு கூற்றைச் செடியின் கலத்துட் செலுத்தி, அக்கலம் தனக்கு வேண்டிய உணவை ஆக்குமாறு செய்கின்றது. உழைப்பது செடி, பயனை நுகர்வது பிறிதொன்று. இதனைத் தீர்க்கும் மருந்தில்லை. நோயுற்ற கிளையை அதன் கீழிருந்தே வெட்டியகற்றி, கருவியைத் தொற்றுநீக்கல் வேண்டும். அடித்தண்டு பாதிக்கப்படின் செடியையே அகற்றுதல் நன்று.

இங்கு ஒரு முரண்பாடு கருதத்தக்கது. இப்பற்றீரியம் காயத்தின் வழியே செடியினுட் புகுகின்றது. விழுதினை நோயெனக் கருதித் தூய்மையற்ற கத்தியால் அறுப்போர், இல்லாத நோய்க்கு அஞ்சி, உள்ள நோய்க்கு வாயில் திறந்துவிடுகின்றனர். எனவே, வெட்டுவதன் முன்னர் அவ்வளர்ச்சி எந்நிலைமைகளிலிருந்து தோன்றியது என வினவுவோமாக. விந்தையாய்த் தோன்றுவதெல்லாம் நோயன்று. நோய் எது என்பதனைக் காரணமே காட்டும்.