மருதாணி சிவக்கும், கறுக்காது!

மாணவர்களே, தீபாவளி நெருங்கிவிட்டால் குனோங் ராபாட்டில் வீட்டுக்கு வீடு மருதாணி வாசம்தான். மலாய்க்காரர்கள் இதை 'இனாய்' என்கிறார்கள். பச்சை இலை கையை எப்படிச் சிவக்க வைக்கிறது?

மருதாணி இலையில் 'லாசோன்' என்னும் செம்மஞ்சள் நிறமி உண்டு. இலையை அரைத்ததும் அது வெளிப்படுகிறது. நம் மேல்தோலில் கெரட்டின் என்னும் புரதம் இருக்கிறது. லாசோன் அதனுடன் வேதிப்பிணைப்பு கொள்வதால், சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் நிறம் போவதில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேல்தோல் தடிப்பானது. ஆகவே அங்கே அதிகம் சிவக்கிறது. தோல் உதிர உதிர, ஓரிரு வாரங்களில் நிறம் மங்கும். நகமும் கெரட்டின்தான். ஆனால், அது உதிராது. வளர்ந்து, வெட்டி எறியும்வரை சிவப்பு நிற்கும்.

மருதாணியை எடுத்ததும் கை செம்மஞ்சளாகத்தான் இருக்கும். காற்றிலுள்ள உயிர்வளி பட்டு, 24 முதல் 48 மணி நேரத்தில் செம்பழுப்பாகும்.

சில கடைகளில் 'கறுப்பு மருதாணி' கிடைக்கிறது. போட்ட சிறிது நேரத்திலேயே கன்னங்கரேலென்று ஆகிவிடும். மருதாணி இலை மட்டும் அப்படிக் கறுக்காது. தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற இரசாயனம் அதில் கலந்திருக்கலாம். அது தோலில் கொப்புளத்தையும் தழும்பையும் உண்டாக்கக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிற்காலத்தில் முடிச்சாயம் பூசினாலும் உடம்பு ஏற்காது.

கையை நீட்டும் முன், "இதில் என்ன கலந்திருக்கிறது, அக்கா?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.