வேலிப் பற்றைகளும் கூடுகட்டும் குருவிகளும்

ஆடுமாடுகள் புகாதிருத்தற்கும் பசளைக்குத் தழை பெறுதற்குமாகவே கமக்காரர் தம் தோட்டத்தைச் சுற்றி வேலி நாட்டுகின்றனர். ஆயின் அவ்வேலி, பயிரிலுள்ள புழுக்களைப் பொறுக்கித் தின்னும் சிறு குருவிகளின் குடியிருப்பாகவும் விளங்குகின்றது. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற எல்லைகள் பலவற்றில் இன்று முட்கம்பியும் மதிலும் எழுந்துள்ளன. வாய்க்காலோரப் பற்றைகளோ கோடையிற் பலவிடத்துத் தீயிடப்படுகின்றன. கூடுகட்ட இடமற்ற ஊரிற் குருவிக் குஞ்சுகளைக் காணல் அரிது.

தையற்சிட்டு அகன்ற இலையொன்றின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்து, அதனுள்ளே பஞ்சு பரப்பி, 3 அல்லது 4 முட்டைகள் இடும். ஏறக்குறைய 12 நாட்கள் அடைகாத்தபின் பொரிக்கும் குஞ்சுகள் பறத்தற்கு மேலும் இரண்டு வாரங்கள் வரை செல்லும். கூடுகட்டும் நாட்களையும் முட்டையிடும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடின், ஒரு கூட்டுக்கு ஐந்து வாரங்கள் வேண்டும். இக்காலத்துள் ஒருநாள் கத்தி பட்டாலும் முயற்சி அனைத்தும் வீணாகும். கதிர்க்குருவி நிலத்துக்கு அண்மையிலுள்ள செடியிற் கூடமைப்பதால், வேலியடியிற் சருகுக்கு வைக்கும் தீ முதலில் அதனையே அழிக்கின்றது. புலுனிகள் கூட்டமாய்த் திரிந்து சருகைக் கிளறிப் பூச்சி தேடுவன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இவ்வினம் இல்லை.

எல்லாக் குருவிகளும் கமக்காரரின் நண்பர்கள் என்பது மிகையே. கொண்டைக்குருவி பழுத்த தக்காளியைக் கொத்தும். தினைக்குருவி நெல்லை உண்ணும். தூக்கணாங்குருவியும் நெல்லுண்பதே எனினும், தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் ஊட்டுகின்றது. தண்டினுள் மறைந்திருக்கும் புழுவைக் குருவி எடுத்தல் அரிது. இலைமேல் ஊரும் புழுக்களும் அந்துகளும் வெட்டுக்கிளிகளுமே அதற்கு இரையாகும். 2018 ஆம் ஆண்டிற் சோளச் செய்கையைத் தாக்கிய படைப்புழுவைப் போன்ற பெரும் பீடையைக் குருவிகள் மாத்திரம் தடுத்துவிடும் என எதிர்பார்த்தலும் ஆகாது. பீடைகள் பெருகுமுன் அவற்றைக் குறைத்து வைப்பதே இவற்றின் பணி.

கூடுகள் அழிதற்குப் பெருங்காரணம் வேலி மெலிந்திருத்தலாகும். ஒற்றை வரிசையாய், அடிப்பாகம் வெறுமையாய் நிற்கும் வேலியைக் காகம் ஒருமுறை பறந்தே ஆராய்ந்துவிடும். பூனையும் சாரைப்பாம்பும் ஓணானும் எஞ்சியவற்றைக் கண்டுகொள்ளும். ஆகையால் இடமுள்ள பக்கத்திலேனும் இரு வரிசையாக நாட்டி, இடையே நொச்சி, ஆடாதோடை, காரை, சூரை ஆகியவற்றை வளர விடுதல் நன்று. மீன்கழிவையும் சோற்றையும் வேலியருகே கொட்டுவோர் காகத்தை வலிந்து அழைப்போராவர்.

வேலியை வெட்டாது விடுதலே குருவிக்கு நன்மை எனச் சிலர் எண்ணுவர். அது சரியன்று. பல வருடங்கள் வெட்டாது விட்டால் கதியால்கள் மரமாகி உயர, நிழலால் அடிச்செடிகள் மடியும். கூடுகட்டத்தக்க அடர்த்தி மறையும். முழுவதையும் ஒரே நாளில் வெட்டுதலோ அதனிலும் கேடு. வேலியை மூன்று பகுதிகளாக்கி, நான்கு மாதத்துக்கு ஒரு பகுதியாக வெட்டி வந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வருட வளர்ச்சி கிடைக்கும்; தழையும் இடையறாது கிடைக்கும். வெட்டுமுன் கிளைகளை விலக்கிப் பார்த்தல் வேண்டும். முட்டையோ குஞ்சோ இருப்பின், அக்கிளையையும் அதன் அயலையும் ஐந்து வாரங்களுக்கு விட்டுவைத்தலால் இழக்கப்படுவது ஒரு கட்டுத் தழைக்கு மேலன்று.

நாயுண்ணிப் பற்றையிலும் குருவிகள் கூடுகட்டுகின்றன. அஃது மாடுகளுக்கு நஞ்சாவதோடு நிலத்தையும் மூடிவிடுமாதலின், புதிதாக வளர்த்தல் கூடாது. எனினும் முழுவதையும் ஒருங்கே பிடுங்காது, பக்கத்தில் வேறு செடிகளை நாட்டி, அவை அடர்ந்தபின் சிறிது சிறிதாக நீக்குதலே முறை.

பற்றையுள் எலி தங்குமே என்னும் அச்சம் நியாயமானதே. இதன்பொருட்டு வயலின் உள்வரம்புகளை ஒடுக்கமாகவும் புல்லற்றனவாகவும் வைத்து, பற்றையை வெளியெல்லையிலும் வாய்க்காலோரத்திலும் மட்டும் அனுமதித்தல் வேண்டும். குளக்கட்டின் மீது பற்றை வளரவிடுதல் ஆகாது. அதன் வேர்கள் கட்டுக்குக் கேடு செய்யும்.

பூச்சிநாசினி தெளிக்கும்போது காற்றின் திசையறிந்து, வேலியிற் படாது தெளிக்குக. வேலியிலுள்ள பூச்சிகள் மடியின், இரையின்றிக் குஞ்சுகளும் மடியும். கெற்றப்போலுடன் திரியும் சிறுவர்க்கும் ஒன்று கூறிவைத்தல் தகும்: 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பெரும்பாலான பறவைகளைக் கொல்லுதலும் அவற்றின் முட்டைகளை எடுத்தலும் குற்றமாகும்.