சொல்லிலிருந்து சித்திரம்

'அந்தி வேளையில் ஒரு பழைய பள்ளிவாசல்' என்று எழுதிக் கொடுத்தால் சில நொடிகளில் படமொன்றைத் தந்துவிடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை இன்று காண்கிறோம். எங்கோ சேமித்து வைத்த படங்களை வெட்டி ஒட்டித் தருகின்றன என்று கருதுவோர் உளர். உண்மை அதுவன்று.

மியூனிக் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவொன்றின் பணியிலிருந்து பிறந்து, 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷனை எடுத்துக்கொள்வோம். பயிற்சியின்போது ஒரு படத்தின்மீது, ஒளிபரப்பு நின்ற பழைய தொலைக்காட்சித் திரையில் தோன்றுவதைப் போன்ற புள்ளிக்கூட்டத்தைத் தூவி அதைச் சிதைக்கின்றனர். தூவப்பட்டது எது என்று கணிக்கக் கணினி பழக்கப்படுகிறது. பழகியபின், வெறும் புள்ளிக்கூட்டத்தைக் கொடுத்தாலும் அதைப் படிப்படியாகக் களைந்து, வழக்கமாக 20 முதல் 50 படிகளுக்குள் ஓர் உருவத்தை எட்டிவிடுகிறது. கல்லில் வேண்டாததைச் செதுக்கி நீக்கும் சிற்பியை இது நினைவூட்டும். ஆனால் சிற்பியின் மனத்தில் உருவம் முன்பே இருக்கிறது. இங்கே அவ்வாறு ஏதுமில்லை.

அப்படியாயின் சொல் எங்கே நுழைகிறது? 2021இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் 40 கோடிப் படங்களையும் அவற்றுக்குரிய வாசகங்களையும் இணைத்துப் பயிற்றுவித்த கிளிப் என்னும் அமைப்பின் ஒரு பகுதி, நாம் எழுதும் வாசகத்தை எண்வரிசைகளாக மாற்றித் தருகிறது. ஒவ்வொரு படியிலும் கணினி இருமுறை கணிக்கிறது: வாசகத்தைக் கருத்திற்கொண்டு ஒருமுறை, கொள்ளாமல் ஒருமுறை. இரண்டிற்குமுள்ள வேறுபாட்டைப் பன்மடங்கு பெருக்கி, அத்திசையிலேயே படத்தை நகர்த்துகிறது. படம் சொல்லுக்கு இணங்குவது இதனால்தான். அச்சொல்லோடு மிகுதியும் சேர்த்துக் காணப்பட்ட உருவத்தையே நோக்கி அது சாய்ந்துவிடுவதற்கும் இதில் பங்குண்டு.

பயிற்சிக்கான படங்கள் லயான் என்னும் திரட்டிலிருந்து வந்தவை. அதன் ஏறத்தாழ 585 கோடி இணைகளில் 232 கோடி ஆங்கில வாசகம் உடையவை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் பெரிதும் பயின்றது அவற்றிலேதான். இணையப் பக்கங்களில் யாரோ படத்தினடியில் இட்ட குறிப்புகளே அதன் பாடநூல். எனவே 'பள்ளிவாசல்' என்றால் குவிமாடமும் மினாராவுமே முந்தி நிற்கின்றன. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் திராவிடப் பாணியில் கல்தூண் மண்டபங்களாக எழுந்த பழைய பள்ளிகள் அச்சொல்லுக்குள் எளிதில் வருவதில்லை.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. கூகுள் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட டிரீம்பூத் முறையில் 3 முதல் 5 படங்களைக் கொண்டே புதியதொரு பொருளைக் கற்பிக்கலாம். ஆனால் அவ்வாறு ஒரு கட்டடத்தைக் கற்பிக்கலாமே தவிர, ஒரு கட்டடமரபைக் கற்பிக்க இயலாது. அதற்குத் தூண், போதிகை, முகப்பு என ஒவ்வொன்றையும் பெயர் சுட்டி எழுதிய குறிப்புகளுடன் படத்தொகுதிகள் வேண்டும்.