யார்க்டவுனிலிருந்து பாராமகாலுக்கு

வரலாற்று வகுப்பில் அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களைப் பற்றிப் படித்தபோது, "கடல் கடந்த அந்தக் கதை தருமபுரியில் இருக்கும் நமக்கு எதற்கு?" என்று எங்களில் பலர் எண்ணினோம். தொடர்ந்து படித்த பிறகே, அக்கதையில் வரும் ஒருவர் நம் மாவட்டத்தின் வரலாற்றிலும் வருகிறார் என்று அறிந்து வியந்தோம்.

1607ஆம் ஆண்டு மே மாதம், வர்ஜீனியா கம்பெனி அனுப்பிய மூன்று கப்பல்களில் வந்த 104 ஆண்களும் சிறுவர்களும் ஓர் ஆற்றங்கரையில் கோட்டை கட்டத் தொடங்கினர். மன்னர் முதலாம் ஜேம்ஸின் பெயரால் அவ்விடம் ஜேம்ஸ்டவுன் எனப்பட்டது. அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் ஆங்கிலக் குடியேற்றம் இதுவே. பொன்னைத் தேடி வந்தவர்களுக்குப் பசியும் நோயுமே கிடைத்தன. 1609-10 குளிர்காலத்தில் அங்கிருந்தோருள் பெரும்பாலோர் மாண்டனர்.

பின்னர் புகையிலைப் பயிர் அவர்களை வாழவைத்தது. ஆனால் புகையிலைக்கு மேலும் மேலும் நிலம் தேவைப்பட்டது. தொடக்கத்தில் மக்காச்சோளம் தந்து உதவிய பவ்ஹாட்டன் மக்களே அந்த நிலத்தை இழந்தனர். 1619இல் ஆப்பிரிக்கர்கள் அங்கே கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டனர்.

காலம் சுழன்றது. 1776இல் குடியேற்ற நாடுகள் விடுதலையை அறிவித்தன. 1781 அக்டோபரில், ஜேம்ஸ்டவுனுக்கு அருகிலேயே உள்ள யார்க்டவுனில், காரன்வாலிஸ் பிரபுவின் படை ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தது. அமெரிக்கா ஆங்கிலேயர் கையை விட்டுப் போயிற்று.

அதே காரன்வாலிஸ்தான் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார்! திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மைசூர் அரசின் பாதிப் பகுதியைத் திப்புவிடமிருந்து பெற்றார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த பங்கில் பாராமகாலும் ஒன்று. நம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடங்கியவையே.

ஆனால் இங்கு ஆங்கிலேயர் குடியேறி உழவில்லை. உழுபவர்களிடம் வரி வாங்கவே வந்தனர். நாட்டு மொழிகளை அறிந்த சிவில் அதிகாரிகள் சென்னையில் அரிதாக இருந்ததால், படை அதிகாரியான அலெக்சாண்டர் ரீடிடம் பாராமகால் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. அவர் தருமபுரியில் தங்கிப் பணியாற்றினார்.

அவர்கள் ஊர் ஊராகச் சென்று வயல்களை அளந்தனர். இடைத்தரகரான ஜமீன்தாரை விட்டு, பயிரிடும் குடியானவரிடமே நேராக வரி பெறும் முறை இங்குதான் உருவாகத் தொடங்கியது. அதுவே ரயத்துவாரி முறை. 1820இல் மன்றோ சென்னையின் கவர்னரான பிறகு அது மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது.

இம்முறையால் குடியானவரின் பெயர் கணக்கில் ஏறியது. அவர் கையில் பட்டா இருந்தது. இது நன்மையே. ஆயினும் வரி பணமாகக் கட்டப்படவேண்டும். மழை பொய்த்தால் வானம் பார்த்த பூமியை நம்பியவர் என் செய்வார்? கடனும் பெருகும், வரி நின்றால் நிலமும் ஏலத்துக்கு வரும்.

பவ்ஹாட்டன் மக்கள் தம் நிலத்திலிருந்து விரட்டப்பட்டனர். நம் முன்னோர் தம் நிலத்திலேயே இருந்தனர். ஆனால் அதன் விளைச்சலில் முதல் உரிமை கம்பெனிக்குப் போயிற்று. வழி வேறானாலும், இரண்டு இடங்களிலும் மண்ணின் மக்களைக் கேட்டு எதுவும் செய்யப்படவில்லை. இதுவே நாங்கள் கற்ற பாடம்.

தோழியரே, அடுத்த முறை வீட்டுப் பெட்டியிலிருந்து அப்பா பட்டாவை எடுக்கும்போது, அருகில் நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.