இருபது கேள்விகளை அரபுக்குக் கொண்டுபோக என்ன செலவு?

மூட்டுவாதத்தைத் தன்னால் சமாளிக்க முடியும் என்று நோயாளி எந்த அளவு நம்புகிறார்? இதை அளக்க, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் குழுவினர் 1989-இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். மொத்தம் 20 கேள்விகள். வலிக்கு 5, அன்றாட இயக்கத்துக்கு 9, சோர்வு போன்ற மற்றவற்றுக்கு 6. ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 100 வரை மதிப்பெண். பயன்படுத்தக் கட்டணமே கிடையாது. அரபு பேசும் நோயாளிக்கு ஏற்றபடி மாற்றும்போதுதான் செலவு தொடங்குகிறது.

மொழிபெயர்ப்பு அதில் சின்னத் தொகை. 2000-இல் பீட்டன் குழுவினர் வகுத்த முறைப்படி, அரபுக்கு மாற்ற 2 பேர், மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர 2 பேர். ஆளுக்கு ஒரு வேலைநாள் என்று வைத்தால் 32 மணி நேரம். நிபுணர் குழு முரண்களைத் தீர்த்ததும் 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை. 40 பேரிடம் அரைமணி பேசினால் 20 மணி. முதன்மைச் சோதனைக்குக் கேள்விக்கு 5 முதல் 10 பேர் என்பது துறையில் புழங்கும் கைக்கணக்கு. ஆக 200 பேர் வரை வேண்டும். எழுத்தறியாத மூதாட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். ஆளுக்குக் கால்மணி போட்டாலும் 50 மணி. விடைகள் நிலையாக இருக்கின்றனவா என்று பார்க்க அவர்களில் 50 பேரை மறுபடி வரவழைத்துக் கேட்க 12½ மணி. நோயாளியோடு உட்காரும் நேரம் மட்டும் 82½ மணி ஆகிறது.

இவ்வளவு செய்தும் அந்த 9 இயக்கக் கேள்விகள் தொல்லை தரும். சமதரையில் 100 அடி நடக்க 20 விநாடி, 10 படி இறங்க 7, மூன்று பொத்தான் போட்டுக் கழற்ற 12, முன்பக்கம் திறக்கும் முழுக்கைச் சட்டை போட 8. 100 அடியை 30 மீட்டர் ஆக்கிவிடலாம். ஆனால் கத்தியும் முள்கரண்டியும் பிடித்து 8 விநாடியில் இறைச்சியில் இரண்டு துண்டு வெட்ட முடியுமா என்று, தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடுகிறவரிடம் கேட்டு என்ன பயன்? தோப் என்ற நீள அங்கியைத் தலைவழியே அணிகிறவருக்குச் சட்டைக் கேள்வியும் அந்நியம்தான். இரண்டையும் காலியாக விட்டாலும் பாதகமில்லை. கால்பங்கு வரை விடுபட்டால் மீதியின் சராசரியே மதிப்பெண். 9-இல் 2 என்றால் 22 விழுக்காடு. மூன்றாவதும் விடுபட்டால் 33. அந்தப் பகுதிக்கு மதிப்பெண்ணே கிடையாது.

கேட்க வேண்டியதோ தாளில் இல்லை. முஸ்லிம்களின் ஐவேளைக் கடமைத் தொழுகையில் 17 ரக்அத் (தொழுகைச் சுற்று), ரக்அத்துக்கு 2 சஜ்தா. தரையில் நெற்றி வைத்து எழுவது நாளைக்கு 34 முறை. முழங்கால் தேய்ந்தவருக்கு இதைவிடக் கண்கூடான சோதனை எது? இருந்தாலும் தொழுகை என்றே கேட்டால் எகிப்து, லெபனான் கிறிஸ்தவர்கள் விடுபட்டுப்போவார்கள். தரையில் அமர்ந்து எழ முடியுமா என்று கேட்பதே மேல்.

அச்சிலும் ஒரு கண் வேண்டும். கெய்ரோவில் புழங்கும் எண்வடிவில் 5 என்பது சிறு வட்டம், சுழியம் ஒரு புள்ளி. ரபாத்தில் நம்மைப் போலவே 0, 1, 2. கெய்ரோவின் 5 அங்கே சுழியமாகத் தெரியும். வலமிருந்து இடம் படிப்பவருக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணான 10 எந்த ஓரத்தில் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

8 கேள்விகள் கொண்ட குறுவடிவமும் உண்டு. வலிப் பகுதியிலிருந்து 2, மற்ற அறிகுறிகளிலிருந்து 4, புதியவை 2. விநாடியும் இல்லை, கத்தியும் இல்லை. அதே கைக்கணக்கில் 80 பேர் போதும். ஆளுக்கு 6 நிமிடம் என்றால் 8 மணி. 50 மணி எங்கே, 8 மணி எங்கே! ஆனால் இயக்கப் பகுதி முழுதாகப் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் குறுவடிவத்தையே எடுப்பேன். மிச்சமாகும் நேரத்தில் தரையில் அமர்வது, படி இறங்குவது பற்றி இரண்டு மூன்று கேள்விகளைத் தனியே கேட்டு, தனியே மதிப்பெண் போட வேண்டும். எட்டோடு கலந்தால் மற்ற நாட்டு மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாமல் போகும்.