கண்டென்ஸ்டு மில்க்: விற்கும்போது கவனிக்க வேண்டியவை

பாலைச் சுண்டக் காய்ச்சிச் சீனி சேர்த்த சரக்கே கண்டென்ஸ்டு மில்க். 400 கிராம் டப்பாவில் ஏறத்தாழ 1 லிட்டர் பாலின் சத்தும் 170 கிராம் சீனியும் அடக்கம். எனவே பாயசத்துக்கு வாங்குவோரிடம், தனிச் சீனியைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவு சீனி இருப்பதால்தான் கிருமி பெருகாமல் பால் நிற்கிறது. காற்றைத் தடுப்பது தகரம். தூத்துக்குடி உப்புக் காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆகவே தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் பலகைமேல் அடுக்கி, முந்தி வந்ததை முந்தி விற்க வேண்டும். வீங்கிய, கசிந்த, துருவேறிய டப்பாவை விலை குறைத்தும் விற்கக் கூடாது.

கைக்குழந்தைக்குப் புகட்டவென்று கேட்டால் கொடுக்க வேண்டாம். இது தாய்ப்பாலுக்கு ஈடாகாது. டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். திறந்த டப்பாவில் மீந்ததை எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி, மூடி, பிரிட்ஜில் வைக்கும்படியும் சொல்லி அனுப்புங்கள்.